தப்புக்குத் தோலும் கட்டையும்: மொரிஷியஸில் புதிதாகச் செய்ய வருபவர்களுக்கு

மொரிஷியஸில் தப்பு என்னும் பறையைச் செய்யக் கற்க வருபவர்கள் பலரும் தமிழ்நாட்டுக் காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். வேப்பங்கட்டை, கன்றுத்தோல், புளியங்கொட்டைப் பசை என்று கையில் ஒரு பட்டியல் இருக்கும். பட்டியல் சரிதான். ஆனால் அது மதுரைப் பக்கத்துக் காற்றை நம்பி எழுதிய பட்டியல். நமக்கு இங்கே தப்பு அதிகம் தேவைப்படுவது டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை. தீமிதியும் தைப்பூசக் காவடியும் அப்போதுதான் வருகின்றன. மழையும் புயலும் வருவதும் அப்போதுதான். தோல் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துத் தளரும். தளர்ந்த தப்பை அடித்தால் அட்டைப்பெட்டியைத் தட்டியது போல ‘பொத்’ என்று கேட்கும். அதனால் முதலில் காற்றைப் பாருங்கள். தோலும் மரமும் அப்புறம்.

தப்பின் அமைப்பு எளியது. வளைவாகச் செதுக்கிய மூன்று கட்டைகளை உலோகத் தகடுகளால் இணைத்தால் வளையம். அதன் ஒரு பக்கம் மட்டும் தோல். விட்டம் ஏறக்குறைய 35 செ.மீ. தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு கையில் நீளமான மெல்லிய சிண்டுக்குச்சி, மறு கையில் குட்டையான அடிக்குச்சி. திருகி இறுக்க ஆணியோ கயிறோ கிடையாது. சுருதி ஏற்ற வேண்டுமென்றால் தீயில் காய்ச்ச வேண்டும், வேறு வழியில்லை. கீழே சொல்லப்போகும் தேர்வுகள் பெரும்பாலும் இதிலிருந்துதான் வருகின்றன.

முதலில்: தப்பு தீயைவிட்டு எவ்வளவு தூரம் போகும்?

எதையும் வாங்கும் முன் இதை முடிவு செய்யுங்கள். தீமிதித் திடலில் பக்கத்திலேயே நெருப்பு இருக்கும். ஒருவர் காய்ச்சிக்கொண்டிருக்கும்போது மற்றவர் அடிக்கலாம். காவடி ஊர்வலம் அப்படியில்லை. ஆற்றங்கரையில் புறப்பட்டு, தார்ச்சாலையில் வெயிலிலும் தூறலிலும் நடந்து கோவில் சேர வேண்டும். காத்ர் போர்ன் ஊரில் கோர் தெ கார்த் மலைச்சரிவுக் கோவிலுக்கு என்றால் கடைசியில் ஏற்றமும் உண்டு. நடுவழியில் நின்று சோகை (காய்ந்த கரும்பிலை) கொளுத்த முடியாது. ஓலையும் பூவும் சுற்றிய காவடிகள் உரசிக்கொண்டு போகும் இடத்தில் கொளுத்தவும் கூடாது.

மெல்லிய தோல் தீயைக் கண்டதும் இறுகும், அதே வேகத்தில் தளரும். தடித்த தோல் காய நேரமெடுக்கும், ஆனால் காய்ந்தபின் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். திடலுக்கு மெல்லியது, ஊர்வலத்துக்குச் சற்றுத் தடித்தது. இரண்டுக்கும் ஒரே தப்புதான் என்றால் தடித்த பக்கமே சாயுங்கள்.

அடுத்து, வருடத்தின் மற்ற நாட்களில் அது எங்கே தொங்கப்போகிறது என்று பாருங்கள். தீவு சிறியதுதான், ஆனால் ஈரம் ஊருக்கு ஊர் மாறும். மேற்குக் கரையில் ஆண்டு மழை 1000 மி.மீ.க்கும் குறைவு. நடு மேட்டுநிலத்தில் அது மூன்று மடங்கைத் தாண்டும். மேற்குக் கரையிலுள்ள தமரேனில் செய்த தப்பைக் கொண்டுபோய் மேட்டுநிலத்து க்யூர்பிப் வீட்டுச் சுவரில் மாட்டினால், சில வாரங்களில் குரல் மாறியிருக்கும். தோலின் உட்புறம் பூஞ்சணமும் பிடித்திருக்கும். கரையில் காய்ந்த கட்டை மேட்டில் ஊதும், மேட்டில் பழகிய கட்டை கரைக்கு வந்தால் சுருங்கும். இரண்டாவதுதான் அதிக ஆபத்து, சுருங்கும்போது இணைப்பு விலகும். முடிந்தவரை தப்பு எந்த ஊரில் இருக்கப்போகிறதோ அந்த ஊரிலேயே கட்டையைக் காயவையுங்கள்.

தோல்

கட்டைக்கு முன் தோலைத் தேடுங்கள். தோல் எவ்வளவு தடிப்பு, எவ்வளவு இழுக்கும் என்று தெரிந்தால்தான் சட்டத்தின் சுவரை எவ்வளவு கனமாக விடுவது என்று தெரியும். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, அழகான வெறும் சட்டத்தைப் பல வருடம் கூடத்தில் மாட்டிவைத்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் மாட்டுத்தோல் போடுவார்கள். இங்கே பல கோவில்களில் அந்தப் பேச்சை எடுத்தாலே முகம் சுளிப்பார்கள். (உள்ளே வாசிக்கும் மிருதங்கத்தில் என்னென்ன தோல் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை, அது வேறு கதை.) நமக்கு ஆட்டுத்தோல்தான். பக்கத்துத் தீவான ரீயூனியனில் மலபார்கள் என்று அழைக்கப்படும் தமிழ் வழியினரின் தப்பும் ஆட்டுத்தோல்தான், அவர்களும் தீயில் காட்டித்தான் அடிக்கிறார்கள். நம் வீட்டுப் பக்கத்திலேயே இதற்கு ஆசிரியர்கள் இருக்கிறார்கள்: சேகா என்னும் தீவு இசைக்கு ரவான் என்னும் பறையைச் செய்பவர்கள். மொரிஷியஸின் மரபு சேகாவை 2014ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதன் உயிரே ஆட்டுத்தோல் போர்த்திய, தீயில் காய்ச்சும் அந்த வட்ட ரவான்தான். நம் தீவின் ஈரத்தில் ஆட்டுத்தோல் எப்படி நடந்துகொள்ளும் என்பது சென்னையிலிருக்கும் யாரையும்விட இவர்களுக்கு நன்றாகத் தெரியும். வெட்கப்படாமல் போய்க் கேளுங்கள்.

தோல் கிடைக்கும் இடம் கசாப்புக்கடை. முந்தின நாளே சொல்லிவைத்தால் தோலை வெட்டுப்படாமல் உரித்துத் தருவார்கள். சொல்லாவிட்டால் கத்தி எங்கே போனாலும் அவர்களுக்கு ஒன்றுமில்லை. பக்ரீத் நாளில் நிறையத் தோல் ஒரே நேரத்தில் கிடைக்கும். இந்த ஆண்டுகளில் பக்ரீத் மே, ஜூனில் வருகிறது. குளிர்காலம் என்பதால் தோல் சீக்கிரம் கெடாது, நமக்கு வசதி. ரொட்ரீகஸ் தீவிலிருந்து கப்பலில் வரும் ஆடுகளின் தோலும் உண்டு. 2016ல் அங்கே தொடங்கிய கோமாரி நோய் இங்கேயும் பரவியது நினைவிருக்கலாம். அப்படிப்பட்ட காலத்தில் கால்நடைத்துறை என்ன சொல்கிறதோ அதைக் கேளுங்கள், தோலுக்காகக் குறுக்குவழி தேடாதீர்கள்.

எந்த ஆட்டின் தோல்? குட்டித்தோல் மெல்லியது, அடிக்குச்சியின் அடி தாங்காது. முதிர்ந்த கிடாயின் தோலில் தடிப்பு ஒரே சீராக இருக்காது. தழும்பு இருக்கும், வாடையும் லேசில் போகாது. ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குள்ளான பெட்டையின் தோல் நடுத்தரம். ஒரு தோலில் ஒரு நல்ல வட்டம்தான் கிடைக்கும். வயிற்றுப்பக்கம் மெல்லியது, கழுத்துப்பக்கம் தடித்தது. முதுகெலும்புக் கோடு வட்டத்தின் நடுவே ஓடும்படி வெட்டினால் இரு பக்கமும் ஒரே மாதிரி இழுக்கும். கோடு ஓரத்துக்குப் போனால் தப்பு ஒரு பக்கம் கணீரென்றும் மறுபக்கம் மந்தமாகவும் பேசும். மடித்து ஒட்ட ஓரம் வேண்டும், அதனால் 35 செ.மீ. தப்புக்கு 50 செ.மீ. வட்டமாவது எடுங்கள்.

வாங்கும்போது மூன்று சோதனைகள். மயிரை ஒரு கொத்துப் பிடித்து இழுங்கள். சுலபமாகக் கையோடு வந்தால் தோல் அழுகத் தொடங்கிவிட்டது. உட்புறத்தை வெயிலுக்கு நேரே தூக்கிப் பாருங்கள்; கத்திபட்ட இடம் வெளிச்சக் கோடாகத் தெரியும். நடுவட்டத்தில் அப்படி ஒன்று இருந்தாலும் வேண்டாம், அங்கேதான் கிழியும். கடைசியாக உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். உண்ணி கடித்த இடங்கள் சிறு முடிச்சாகத் தட்டுப்படும். ஓரத்தில் இருந்தால் பரவாயில்லை.

அன்றே வேலையைத் தொடங்க முடியாதென்றால் உப்புப் போடுங்கள். தோலின் எடையில் பாதி அளவு கல்லுப்பை உட்புறம் முழுக்கத் தேய்த்து, நிழலில் சாய்வாக வையுங்கள், நீர் வடியட்டும். அப்புறம் கழுவி, சுண்ணாம்பு நீரில் சில நாட்கள் ஊறவைத்து, மயிரும் சதையும் சுரண்டி எடுப்பது. கையுறை இல்லாமல் சுண்ணாம்பில் கை வைக்காதீர்கள், கண்ணையும் காத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு மிச்சமிருந்தால் தோல் நொறுங்கும். அலசும் தண்ணீர் தெளிந்து வரும்வரை அலச வேண்டும். பதனிட்ட தோல், அதாவது பைக்கும் செருப்புக்கும் போடும் தோல், இதற்கு உதவாது. அது மெத்தென்று இருக்கவே பதனிடப்பட்டது, தப்பில் பேசாது.

தமிழ்நாட்டில் இந்தத் தோல் வேலையை ஒரு சாதியாரின் தலையில் கட்டிவிட்டு, அவர்கள் செய்த தப்பை மட்டும் திருவிழாவுக்குக் கேட்டார்கள். இங்கே வந்தும் தோலைக் கண்டு மூக்கைப் பொத்துபவர்களைப் பார்க்கிறேன். அவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: அப்படியென்றால் குச்சியையும் தொடாதீர்கள். விரதம் இருப்பவர்களின் தயக்கம் வேறு, அதை மதிக்கிறேன். தோல் வேலையை அக்டோபரிலேயே முடித்துவிட்டால் விரத காலத்தில் சங்கடம் இல்லை. அக்டோபர் இங்கே வறண்ட மாதம், தோல் நிதானமாகக் காயவும் அதுதான் ஏற்றது.

இந்தியாவிலிருந்தோ ஆப்பிரிக்காவிலிருந்தோ மயிரோடு கூடிய பச்சைத்தோலைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். சுங்கத்தில் பிடிபடுவது ஒரு பக்கம். 2008ல் லண்டனில் முரசு செய்யும் ஒருவர் வெளிநாட்டுத் தோலிலிருந்து ஆந்த்ராக்ஸ் நுண்ணுயிரைச் சுவாசித்து இறந்துபோனார். ஆடு நம் கண்முன் வளர்ந்ததாக இருப்பதே நல்லது.

செயற்கைத் தோலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாலியெஸ்டர் படலத்துக்கு ஈரமும் தெரியாது, தீயும் வேண்டாம். மழையில் நனைந்தாலும் துடைத்துவிட்டு அடிக்கலாம். ஒலி கீச்சென்று மெலிந்திருக்கும், அடிநாதம் இருக்காது. பிள்ளைகள் பழகவும், புயல் எச்சரிக்கை ஒன்றாம் நிலையில் இருக்கும் நாளில் வெளியே கொண்டுபோகவும் ஒன்று வைத்திருப்பது புத்திசாலித்தனம். அம்மன் முன்னால் அதை அடிக்க எனக்கு மனம் வராது. உங்களுக்கு வந்தால் அது உங்கள் விருப்பம்.

கட்டை

வேம்பு கிடைத்தால் நல்லதுதான்: பூச்சி அண்டாது, கனமும் அளவானது. ஆனால் இங்கே வேம்பு பெரும்பாலும் கோவில் வாசலிலோ யாரோ ஒருவர் வீட்டு முற்றத்திலோ இருக்கும். அதை வெட்டக் கேட்டு நிற்காதீர்கள், புயலில் கிளை முறிந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பொதுவாகவே இந்தத் தீவில் நல்ல மரம் தேடும் காலம் புயலுக்கு அடுத்த வாரம்தான். சாலையோரம் அறுத்துக் குவித்திருப்பார்கள், உரியவரிடம் கேட்டால் எடுத்துப்போகச் சொல்லுவார்கள். அரசுக் காட்டில் மட்டும் அனுமதியில்லாமல் கை வைக்காதீர்கள். டச்சுக்காரர்கள் காலத்திலிருந்து வெட்டி வெட்டி, நம் கருங்காலியில் மிஞ்சியது கொஞ்சம்தான்.

என் முதல் தேர்வு பலா. மிருதங்கத்துக்கு எடுக்கும் மரம். கறையான் லேசில் நெருங்காது, செதுக்கும்போது உளிக்கு இணங்கும், வீட்டுத் தோட்டங்களில் இருக்கிறது. அடுத்தது வாகை, இங்கே ‘புவா நுவார்’ என்பார்கள். அதன் நடுவைரம் பழுப்பு நிறம், உறுதியானது. வெளிப்பக்கத்து வெளிறிய மரத்தை ஒரு விரல் அகலம்கூட விட்டுவைக்காதீர்கள், வண்டு அதைத்தான் முதலில் தின்னும். வாகைத் தூள் தும்மல் வரவழைக்கும். அறுக்கும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள். மாமரம் எங்கும் கிடைக்கும், இலவசமாகவே கிடைக்கும், ஆனால் பூஞ்சணமும் துளைப்பானும் அதைத் தேடி வரும். பழகிப் பார்க்க ஒரு சட்டம் செய்யலாம், அதற்கு மேல் வேண்டாம். சவுக்கு காயும்போது முறுக்கிக்கொண்டு பிளக்கும், அது அடுப்புக்கு.

பலகை வாங்குவதானால், பழைய மரவீடு இடிக்கும் இடத்தை முதலில் விசாரியுங்கள். நாற்பது ஐம்பது வருடம் இந்தத் தீவின் காற்றிலேயே காய்ந்த தேக்கு எந்தக் கடையிலும் கிடைக்காது. பழைய பெயின்ட் இருந்தால் சுரண்டாமல், தூள் பறக்காமல் சீவி எடுங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். ஆணி மறைந்திருக்கும், ரம்பம் போகும். துறைமுகத்துச் சரக்குப் பலகைகளை அறுத்துச் செய்பவர்களும் உண்டு. அவற்றில் சூடு போட்ட முத்திரையைப் பார்த்து எடுக்க வேண்டும். வெப்பத்தால் பதப்படுத்தியதற்கு ‘ஹெச்.டி.’ என்று இருக்கும், அதை எடுக்கலாம். ‘எம்.பி.’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்னும் நச்சுப்புகை போட்டது, வேண்டாம். முத்திரையே இல்லையென்றால் அதுவும் வேண்டாம்.

எந்த மரமானாலும் ரேகை ஓடும் விதத்தைப் பாருங்கள். நேர்ப்பலகையிலிருந்து வளைவை அறுத்தால் நுனிகளில் ரேகை குறுக்காக வெட்டுப்படும். இணைப்புத் தகடு அமர்வதும், தோல் அதிகம் இழுப்பதும் அங்கேதான். அதனால் இயல்பாகவே வளைந்த கிளையைத் தேடுங்கள். பலாவில் அப்படிப்பட்ட கிளைகள் கிடைக்கும். வளைவோடு ரேகையும் வளைந்து வந்தால் சுவர் இரண்டு செ.மீ. தடிப்பே போதும், ஆட்டுத்தோலின் இழுவையைத் தாங்கும். நேர்ப்பலகைதான் என்றால் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். தோள் வலித்தாலும் இணைப்பு பிழைக்கும்.

பச்சை மரம் ஒரு அங்குலத் தடிப்புக்கு ஒரு வருடம் காய வேண்டும் என்பது தச்சர்களின் கணக்கு. மேட்டுநிலத்து வாக்வா, க்யூர்பிப் பக்கம் அதற்கு மேலும் ஆகும். காய்ந்ததா என்று அறிய ஈரமானி தேவையில்லை, சமையலறைத் தராசு போதும். செதுக்கும் அளவுக்கு வெட்டிய துண்டை வாரம் ஒருமுறை நிறுத்து எழுதி வையுங்கள். எடை குறைவது நின்றால் காற்றோடு அது சமரசமாகிவிட்டது. வெட்டிய முனைகளில் மெழுகோ பெயின்ட்டோ பூசிவிட்டால் பிளவு குறையும். ஊசித்துளையும் அதன் கீழே மாவு போன்ற தூளும் தெரிந்தால் அந்தத் துண்டை மற்றவற்றோடு சேர்த்து வைக்காதீர்கள்.

பசையும் தகடும்

பசைக்கு அந்தத் தமிழ்நாட்டுப் பட்டியலை அப்படியே பின்பற்றலாம். புளியங்கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, மாவாக்கி, தண்ணீரில் கிளறிக் காய்ச்சினால் பசை. மேற்குக் கரையில் புளியமரத்துக்குப் பஞ்சமில்லை. கடையில் விற்கும் வெள்ளைப் பசை சூட்டில் இளகும். தீயில் காய்ச்சும் தப்புக்கு அதைப் போட்டால் மூன்றாவது காய்ச்சலிலேயே தோல் நழுவத் தொடங்கும். புளியங்கொட்டைப் பசையின் ஒரே குறை, நம் ஈரத்தில் பூஞ்சணம் பிடிப்பது. அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் காய்ச்சுங்கள், மிச்சம் வைக்காதீர்கள்.

தகடும் ஆணியும் பித்தளையில் இருக்கட்டும், அல்லது துருப்பிடிக்காத எஃகில். எந்த ஊரில் இருந்தாலும் கடல் தொலைவில் இல்லை. இரும்பு துருப்பிடித்தால் துரு தோலுக்கும் ஏறும், ஏறிய இடத்தில் தோல் அரித்துப்போகும்.

குச்சியும் சோகையும்

அடிக்குச்சிக்குச் சீனக் கொய்யா, கோயாவ் தெ ஷீன். பழம் பறிக்கப் போகும்போது பார்த்திருப்பீர்கள்: நேராக, வழுவழுப்பாக, விரல் கனத்தில் நிற்கும். கெட்டியான மரம், சுள்ளென்று அடித்தாலும் நார் பிரியாது. நம் பூர்வீகக் காட்டையே மூடிவரும் செடி இது, தனியார் நிலத்தில் கேட்டால் சந்தோஷமாக வெட்டித் தருவார்கள்.

சிண்டுக்குச்சிக்கு மூங்கில். இளங்கழி வேண்டாம். பச்சைப் பசேலென்று, மேலே வெள்ளைப் பொடி ஒட்டி, கணுவில் பாளை மிச்சமிருந்தால் அது இளசு. நிறம் மங்கி, பாசித் திட்டு ஏறிய, மூன்று வயதாவது ஆன கழியைக் குளிர்காலத்தில் வெட்டுங்கள். ஓரிரு வாரம் தண்ணீரில் போட்டால் உள்ளிருக்கும் மாச்சத்து வெளியேறும், பிறகு வண்டுக்கு அங்கே வேலையில்லை. வெளித்தோல் பக்கமாகப் பிளந்து எடுக்கும் சிம்புதான் குச்சி, உட்பக்கத்துச் சோறு ஆகாது.

காய்ச்ச வைக்கோல் தேட வேண்டாம், கரும்புச் சோகை இருக்கிறது. வெட்டு ஜூனில் தொடங்கி டிசம்பர் வாக்கில் முடிந்துவிடும். நவம்பருக்குள் நன்றாகக் காய்ந்த சோகையை இரண்டு மூன்று மூட்டை கட்டி, மழை படாத இடத்தில் வைத்துவிடுங்கள். ஜனவரியில் வயலில் கிடப்பது நனைந்த சோகை, புகை மட்டும்தான் வரும். தோலின் முகத்தைச் சுடருக்குக் காட்டி, சுற்றிக்கொண்டே இருங்கள். அவ்வப்போது உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கைக்குப் பொறுக்காத சூடு தோலுக்கும் பொறுக்காது. புதுத் தப்பை முதல் தடவை பாதிச் சூட்டில் நிறுத்தி, அடித்துப் பார்த்து, ஆறவிட்டு, மறுபடி ஏற்றுங்கள். திருவிழாவுக்கு முந்தின நாள் இதைச் செய்யாதீர்கள். கிழிந்தால் வேறு தோல் மாட்டிக் காயவைக்க ஒரு வாரமாவது கையில் இருக்க வேண்டும்.